திகதி கொடுத்துத் தேடினால் பாதித் தரவுதான் வருகிறது

கேள்வி: அண்ணா, நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். கம்பஸ் முடித்த நண்பர்கள் சிலர் சேர்ந்து தம்பலகாமம் பக்கத்து வாய்க்கால்களில் நீர்மட்டம் அளக்கும் கருவிகள் ஐந்து வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து சேர்வருக்கு அனுப்பும். எங்கள் ஏபிஐயில் (மற்றப் புரோகிராம்கள் சேர்வரிடம் தரவு கேட்கும் வழி) தொடக்கம், முடிவு என்று இரண்டு டைம்ஸ்டாம்ப் கொடுத்தால் அந்த இடைவெளியில் உள்ள அளவீடுகள் வர வேண்டும். 2024 நவம்பர் 26 முதல் 28 வரை, வெள்ளம் வந்த அந்த மூன்று நாளை எடுக்கப் பார்த்தேன். 1732579200, 1732838400 என்று கொடுத்தேன். முதலாம், இரண்டாம் கருவிகளின் தரவு முழுதாக வந்தது. ஐந்தாவதிலிருந்து ஒரே ஒரு அளவீடு வந்தது. மூன்றும் நான்கும் வரவேயில்லை. இணையத்தில் பார்த்து இரண்டு எண்களையும் 1000 ஆல் பெருக்கினேன். மூன்றும் நான்கும் வந்தன, மற்றவை எல்லாம் போய்விட்டன. வருகிற வரைபடமும் 26ஆம் திகதி காலை 5.30க்குத்தான் தொடங்குகிறது. எந்த எரரும் இல்லை, ஒவ்வொரு தடவையும் ‘சரி’ என்று பொருள்படும் 200 தான். ஐந்தாவது கருவியின் அந்த ஒரு பதிவையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் கீழே தருகிறேன்: 1731979712, 1732579712, 1733179712. நடுவில் உள்ளது சேர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் நவம்பர் 26 பகல் 12.30. பிழை சேர்வரிலா, கருவியிலா? எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, உங்கள் தேடல் சரியாகத்தான் வேலை செய்கிறது. அது தேடுகிற தரவுத்தளத்தில் எண்கள் ஒரே அலகில் இல்லை. மூன்று வெவ்வேறு வழுக்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, அதனால்தான் ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெட்டுப்போவது போலத் தெரிகிறது. அந்த மூன்று பதிவுகளையும் வந்து சேர்ந்த நேரத்தையும் அப்படியே எழுதி அனுப்பினீர்களே, அது மிக நல்ல காரியம். அவை இல்லாவிட்டால் ஐந்தாவது கருவியைப் பற்றி நான் ஊகம்தான் சொல்லியிருக்க முடியும்.

யுனிக்ஸ் டைம்ஸ்டாம்ப் என்பது 1970 ஜனவரி 1, யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து கழிந்த நேரத்தின் எண்ணிக்கை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எண்ணிக்கை செக்கனிலா, மில்லிசெக்கனிலா என்பதை எண் தன்னோடு சுமந்து வராது. பைதனின் டைம் செக்கனில் கொடுக்கும், பிஎச்பியும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்டின் டேட் நவ் மில்லிசெக்கனில் கொடுக்கும், ஜாவாவின் கரண்ட் டைம் மில்லிஸ் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் தரவுத்தளத்தில் திகதிப் புலத்துக்கு வெறும் எண்ணைக் கொடுத்தால், நாம் வேறு விதமாகச் சொல்லி வைக்காத வரை அது மில்லிசெக்கன் என்றே எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரு கருவி, ஒரு சேர்வர், ஒரு பிரவுசர் மூன்றும் பேசிக்கொள்ளும் எந்த வேலையிலும் இரண்டு அலகுகள் சந்திப்பது ஏறக்குறைய நிச்சயம். இக்காலத்துத் திகதிகளுக்குச் செக்கன் 10 இலக்கம், மில்லிசெக்கன் 13, மைக்ரோசெக்கன் 16, நானோசெக்கன் 19. பெரும்பாலானவர்கள் இலக்கத்தை எண்ணிப் பார்த்து முடிவெடுப்பார்கள். அது முதல் பார்வைக்குப் போதும், உங்கள் ஐந்தாவது கருவிக்குப் போதாது.

எந்த எரரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்வருக்கு இரண்டும் முழு எண்கள், ஒப்பிடலாம், ஒப்பிட்டுவிட்டது. மில்லிசெக்கனில் சேமித்திருக்கும் இடத்தில் 1732579200 என்று தேடினால் அது 1970 ஜனவரி 21 காலை, நம் நேரம் 6.46 என்று அர்த்தமாகும். உங்கள் முடிவு எண் அதே நாள் காலை 6.50. நீங்கள் கேட்ட மூன்று நாள் அங்கே 259 செக்கனாகச் சுருங்கிப் போகிறது. அந்தக் காலையில் தம்பலகாமத்தில் கருவி எதுவும் இருக்கவில்லை, ஆகவே வெறும் பட்டியல். மறுபக்கம், செக்கனில் சேமித்த இடத்தில் 13 இலக்க எண்ணைக் கொடுத்தால் 56,870ஆம் ஆண்டுக்கும் அப்பால் போய்த் தேடும். அங்கேயும் ஒன்றும் இல்லை. இரண்டும் சேர்வரின் கண்ணுக்கு நியாயமான கேள்விகள்.

இங்கே ஒரு சோதனை முறையைச் சொல்லிவிடுகிறேன். திகதித் தேடல் குழம்பினால் இரண்டு எல்லையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றாகக் கொடுங்கள். தொடக்கத்தை மட்டும் கொடுக்கும்போது பழைய மாதங்கள் உட்பட எல்லாமே கொட்டுகிறது, முடிவை மட்டும் கொடுக்கும்போது ஒன்றுமே வரவில்லை என்றால், நீங்கள் அனுப்பும் எண் மிகச் சிறியது. அதாவது அங்கே மில்லிசெக்கன், உங்களிடம் செக்கன். தலைகீழாக, தொடக்கத்துக்கு வெறுமை, முடிவுக்கு எல்லாம் என்றால் உங்கள் எண் மிகப் பெரியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு நிலைமையிலும் ஒரே வெறும் பட்டியல்தான் வரும், எந்தப் பக்கம் பிழை என்று அதிலிருந்து பிரித்தறிய முடியாது. மூன்றாவது ஒரு சாத்தியமும் உண்டு. தொடக்கம் செக்கனிலும் முடிவு மில்லிசெக்கனிலும் போனால், தேடல் ஒரு பக்கம் மட்டும் வடிகட்டும். பட்டியல் நிறைய வரும், எல்லாம் சரி என்று தோன்றும். வெறும் பட்டியலைவிட அது ஆபத்தானது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். செக்கனில் தேடினால் முதலாம், இரண்டாம் கருவிகள். மில்லிசெக்கனில் தேடினால் மூன்றும் நான்கும். இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. கருவிகள் அனுப்பியதைச் சேர்வர் அப்படியே வாங்கி ஒரே கொலத்தில் (அட்டவணையின் நிரல்) போட்டிருக்கிறது. முதல் இரண்டின் புரோகிராம் செக்கனில் அனுப்புகிறது, அடுத்த இரண்டும் மில்லிசெக்கனில் அனுப்புகின்றன. வேறு ஆட்கள், வேறு நேரத்தில் எழுதியிருப்பார்கள். அந்த நிலையில் தேடும் எண்ணை 1000 ஆல் பெருக்கினாலும் வகுத்தாலும் பாதிதான் கிடைக்கும். ‘கடைசியாக வந்த அளவீடு’ என்று உங்கள் பக்கத்தில் எங்காவது காட்டினால் போய்ப் பாருங்கள், அதில் எப்போதும் மூன்றாவதோ நான்காவதோதான் நிற்கும். 13 இலக்கம் எப்போதும் 10 இலக்கத்தை வெல்லும்.

ஐந்தாவது கருவிதான் இந்தக் கடிதத்தில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது. அதன் எண் 10 இலக்கம். இலக்கத்தை எண்ணினால் செக்கன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். 1732579712 என்பதைச் செக்கனாக எடுத்தால் நவம்பர் 26 காலை 5.38 என்று ஒரு நியாயமான நேரமும் வருகிறது. ஆனால் அந்தப் பதிவு சேர்வருக்கு வந்தது பகல் 12.30க்கு. நெட்வேர்க் தாமதம் என்று சமாதானம் சொல்லத் தோன்றும். அப்போதுதான் பக்கத்துப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். 1731979712க்கும் 1732579712க்கும் இடையில் 600000. அடுத்ததற்கும் அதே 600000. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்கும் கருவி செக்கனில் எண்ணினால் இடைவெளி 600 ஆக இருக்க வேண்டும். 600000 என்றால் அது மில்லிசெக்கன். செக்கனாக எடுத்து வரைந்தால், அந்தக் கருவி ஏழு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் அளப்பது போலத் தெரியும். அதனால்தான் உங்கள் மூன்று நாள் இடைவெளிக்குள் ஒன்றே ஒன்று விழுந்தது.

எண் எவ்வளவு பெரியது என்பது அலகை உறுதியாகச் சொல்லாது. உண்மையான இடைவெளி உங்களுக்குத் தெரிந்த இரண்டு பதிவுகளின் வித்தியாசம் சொல்லும். நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். 600 என்றால் செக்கன், 600000 என்றால் மில்லிசெக்கன், 600000000 என்றால் மைக்ரோசெக்கன். தொடக்கப் புள்ளி பிழையாக இருந்தாலும் வித்தியாசம் பொய் சொல்லாது.

சரி, மில்லிசெக்கன் என்றால் 13 இலக்கம் எங்கே போனது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இப்படியான கருவிகளுக்கு நிரல் எழுதப் பயன்படும் ஆர்டுயினோவின் மில்லிஸ் என்ற கட்டளை. அது 1970இலிருந்து எண்ணுவதில்லை, கருவிக்கு மின்சாரம் கொடுத்த நேரத்திலிருந்து எண்ணும். 20 நாளும் கொஞ்சமும் நிற்காமல் ஓடிய கருவியில் அந்த எண் 1732 மில்லியனைத் தொடும், பார்க்க அசல் டைம்ஸ்டாம்ப் போலவே இருக்கும். இரண்டாவது, சரியான செக்கனை எடுத்து 1000 ஆல் பெருக்கி, விடையை 32 பிட் மாறியில் போட்டு வைப்பது. 32 பிட்டில் 4294967295 வரைதான் இடம் உண்டு. அதற்கு மேல் போனால் பழையபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும், 49.7 நாளுக்கு ஒரு தடவை இப்படிச் சுற்றும்.

உங்கள் கருவியில் எது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நவம்பர் 26 பகல் 12.30 நம் நேரம் என்பது செக்கனில் 1732604400. மில்லிசெக்கனில் 1732604400000. இதை 4294967296 ஆல் வகுத்தால் ஈவு 403, மீதி 1732579712. நீங்கள் அனுப்பிய அதே எண், ஒரு இலக்கமும் மாறாமல். ஆகவே இரண்டாவது வழிதான். கருவி நேரத்தைச் சரியாக எடுத்திருக்கிறது, மாறி சிறியதாக இருந்ததால் மேல் பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. கருவியின் புரோகிராமில் அந்தப் பெருக்கலைத் தேடுங்கள், அன்சைன்ட் லோங் என்று அறிவித்த மாறி ஒன்று அங்கே இருக்கும். இஎஸ்பி32 போன்ற சிறு கணினிப் பலகைகளில் அது 32 பிட்தான். அதை 64 பிட் ஆக்கலாம். என் விருப்பம் வேறு. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்கும் நீர்மட்டத்துக்கு மில்லிசெக்கன் எதற்கு? பெருக்கலையே எடுத்துவிட்டுச் செக்கனில் அனுப்புங்கள். அடையாளக் குறி (கூட்டல், கழித்தல்) இல்லாத 32 பிட்டில் செக்கன் 2106ஆம் ஆண்டு வரை தாங்கும். அடையாளக் குறி உள்ள 32 பிட் என்றால் 2038 ஜனவரி 19 உடன் முடிந்துவிடும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பழைய தரவு தொலைந்துபோய்விடவில்லை. நீங்கள் வந்து சேர்ந்த நேரத்தைத் தனியாக வைத்திருப்பதால் முழுவதையும் மீட்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும், வந்து சேர்ந்த நேரத்தை மில்லிசெக்கனாக்கி 4294967296 ஆல் வகுத்து ஈவைப் பெற்று, அந்த ஈவை மறுபடி 4294967296 ஆல் பெருக்கிப் பதிவின் எண்ணோடு கூட்டுங்கள். கிடைத்த நேரம் வந்து சேர்ந்த நேரத்துக்குச் சில செக்கன் முன்னால் இருக்க வேண்டும். 49 நாள் முன்போ பின்போ வந்தால் ஈவை ஒன்று கூட்டி அல்லது குறைத்துப் பாருங்கள், சுற்று முடியும் இடத்துக்குப் பக்கத்தில் அப்படி நடக்கும். வந்து சேர்ந்த நேரத்தைச் சேமிக்காமல் விட்டிருந்தால் இந்தக் கருவியின் பதிவுகளை எந்தச் சுற்றில் வைப்பது என்று உறுதியாகச் சொல்ல வழியே இருந்திருக்காது. கருவி எதையும் அனுப்பட்டும், சேர்வர் தன் கடிகாரத்தில் ஒரு நேரத்தையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். இதை இனி எந்த வேலையிலும் விடாதீர்கள்.

மற்ற நான்கு கருவிகளின் தரவையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய கொலத்தைத் தொடாதீர்கள். முதலில் பேக்கப். அப்புறம் புதிய கொலம் ஒன்றைச் சேர்த்து, பெயரிலேயே அலகு தெரியும்படி வையுங்கள், ‘அளந்தநேரம்_செக்கன்’ என்கிற மாதிரி. மாற்றும்போது கருவி எண்ணைப் பார்த்து மாற்றுங்கள்: ஒன்றும் இரண்டும் அப்படியே, மூன்றும் நான்கும் 1000 ஆல் வகுத்து, ஐந்தாவது மேலே சொன்ன கணக்கில். இடையில் எப்போதாவது ஒரு கருவியின் புரோகிராமை மாற்றியிருந்தால் கருவி எண் மட்டும் போதாது. ஒவ்வொரு கருவிக்கும் அடுத்தடுத்த பதிவுகளின் வித்தியாசத்தை வரிசையாக எடுத்துப் பாருங்கள், அலகு மாறிய நாள் கண்ணில் அறையும். கடைசியில் புதிய கொலத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கழித்துப் பாருங்கள். எல்லாப் பதிவிலும் வித்தியாசம் சிறியதாக இருந்தால் வேலை முடிந்தது.

சிலர் குறுக்குவழி ஒன்று சொல்வார்கள்: 100000000000ஐவிடச் சிறியது என்றால் செக்கன், பெரியது என்றால் மில்லிசெக்கன் என்று சேர்வரே ஊகிக்கட்டும் என்பார்கள். அந்த எல்லை மோசமானதல்ல. செக்கனாக எடுத்தால் அது 5138ஆம் ஆண்டு, மில்லிசெக்கனாக எடுத்தால் 1973 மார்ச் 3. ஒரு தடவை செய்யும் திருத்தத்தில் ஒத்துப்பார்க்க அதைப் பயன்படுத்தலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஏபிஐக்குள் அந்த ஊகத்தை வைப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பிழையான அலகில் அனுப்புகிறவருக்குத் தான் பிழை விடுவது கடைசி வரை தெரியாமலே போகும். உங்கள் ஐந்தாவது கருவியின் எண் இந்த ஊகத்தில் ‘செக்கன்’ என்று அழகாகத் தேர்ச்சி பெற்று உள்ளே போயிருக்கும். 1973க்கு முன் பிறந்தவர்களின் பிறந்த திகதியை மில்லிசெக்கனில் வைத்திருக்கும் வேலையென்றால் எண்களே பிழையாக மாறிவிடும்.

ஊகிப்பதற்குப் பதிலாக மறுத்துவிடுங்கள். நீங்கள் கருவிகள் வைத்த நாளுக்கு முந்திய எந்த நேரத்தையும், இன்றிலிருந்து ஒரு நாளுக்கு மேல் பிந்திய எந்த நேரத்தையும் சேர்வர் ‘பிழையான கோரிக்கை’ என்ற 400 கொடுத்துத் திருப்பி அனுப்பட்டும். தேடலின் எல்லைகளுக்கும் இதே காவல்தான். எரர் செய்தியில், ‘நீங்கள் அனுப்பிய எண் செக்கனாக எடுத்தால் இந்தத் திகதி, நாங்கள் ஏற்பது இந்தத் திகதியிலிருந்து’ என்று முழுத் திகதியையும் எழுதுங்கள். 1970 என்றோ 56,873 என்றோ ஒரு ஆண்டைக் கண்ணால் பார்த்த எவருக்கும் அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது. இந்த ஒரு காவல் முதல் நாளிலேயே இருந்திருந்தால் மூன்றாவது கருவியைப் பொருத்திய அன்றே உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஐந்தாவது கருவியின் எண்கள் சில நேரம் நியாயமான திகதிக்குள் விழும், ஆனால் மில்லிசெக்கன் வேகத்தில் ஓடுவதால் ஒன்றிரண்டு நாளுக்குள் எதிர்காலத்துக்குப் போய்ப் பிடிபட்டுவிடும்.

காலை 5.30 விஷயம் அலகோடு சம்பந்தப்பட்டது இல்லை, நேர வலயத்தோடு சம்பந்தப்பட்டது. 1732579200 என்பது நவம்பர் 26 யூடிசி நள்ளிரவு. இலங்கையில் அப்போது காலை 5.30. திகதியை ஆண்டு, மாதம், நாள் என்று மட்டும் எழுதி ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால் அது யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அதோடு நேரத்தையும் சேர்த்து வலயம் சொல்லாமல் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். இந்த வேறுபாட்டில் விழாதவர்கள் குறைவு. பைதனில் இதற்கு ஒரு சகோதரச் சிக்கல் உண்டு. யூடிசி நவ் கொடுக்கும் நேரத்தில் வலயம் ஒட்டியிருக்காது, அதை டைம்ஸ்டாம்பாக மாற்றும்போது பைதன் உள்ளூர் நேரம் என்று நினைத்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிடும். வலயம் ஒட்டிய நேரத்தையே எப்போதும் பயன்படுத்துங்கள்.

உங்களுக்கு வேண்டிய தொடக்கம் 19800 செக்கன் முந்தியது, 1732559400. முடிவு 29ஆம் திகதி நள்ளிரவு நம் நேரம், 1732818600. தொடக்கத்துக்குச் சமமானதும் பெரியதும் சேரட்டும், முடிவுக்குச் சிறியது மட்டும் சேரட்டும். 23:59:59 என்று முடிவைக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அலகு மாறினால் அந்தக் கடைசிச் செக்கனுக்குள் விழும் பதிவுகள் போய்விடும். 19800 என்ற எண்ணைக் கோட்டில் நேரடியாக எழுதவும் வேண்டாம், ஏசியா கொழும்பு என்ற வலயப் பெயரைக் கொடுங்கள். இன்றைய தரவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 1996 மேயிலிருந்து 2006 ஏப்ரல் வரை நம் நாட்டு நேரம் ஐந்தரை மணியில் இருக்கவில்லை, முதலில் சில மாதம் ஆறரை, பிறகு ஆறு. நாளைக்குப் பழைய மழைப் பதிவேடுகளைக் கொண்டுவந்து சேர்க்க நினைத்தால் அந்தப் பத்து ஆண்டும் நகர்ந்து நிற்கும்.

ஏபிஐ வெளியே உள்ளவர்களும் பயன்படுத்துவது என்றால் எண்களைக் கைவிட்டு, திகதியும் நேரமும் பின்னால் +05:30உம் உள்ள ஐஎஸ்ஓ வடிவத்தையே கேளுங்கள் என்பேன். அலகுச் சண்டை அங்கேயே முடிந்துவிடும், சேர்வரின் பதிவேட்டை (லொக்) மனிதர் வாசிக்கவும் முடியும். அதிலும் ஒரு பொறி உண்டு. யூஆர்எல்லில் + குறியை அப்படியே விட்டால் சேர்வர் அதை இடைவெளி என்று வாசிக்கும், ஆகவே என்கோட் செய்து (%2B என்று மாற்றி) அனுப்ப வேண்டும். தரவுத்தளத்துக்குள் எண்ணாகவே இருக்கட்டும். தேடும் கட்டளையில் கொலத்தை 1000 ஆல் வகுத்து ஒப்பிடும் வேலை மட்டும் வேண்டாம், கொலத்துக்குப் போட்ட இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாமல் போய் முழு அட்டவணையையும் வாசிக்கத் தொடங்கும். மாற்றுவதை எல்லைகளில் மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிய கவலை. இந்தக் கருவிகளை வைத்து எச்சரிக்கைச் செய்தி ஏதாவது அனுப்புகிறீர்களா? ‘கடந்த 30 நிமிடத்தில் நீர்மட்டம் இவ்வளவு ஏறினால்’ என்று ஒரு விதி எங்காவது இருந்தால், அதுவும் இதே கொலத்தைத்தான் ஒப்பிடும். செக்கனில் கணக்குப் போடும் விதிக்கு மூன்றாவது, நான்காவது கருவிகளின் பதிவுகள் எல்லாமே ‘கடந்த 30 நிமிடத்தில்’ வந்தவை, போன வருடத்து அளவீடு உட்பட. மில்லிசெக்கனில் கணக்குப் போடும் விதிக்கு முதல் இரண்டு கருவிகளும் இல்லவே இல்லை. பின்னது மௌனமாக இருக்கும். ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் அந்த நவம்பரில் கிழக்கில் பெரும்போக வயல்களை எப்படி மூடியது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை இந்த மாவட்டத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். இங்கே நீர்மட்டம் பார்க்கிற ஒருவர் ‘பதிவு எதுவும் இல்லை’ என்பதை ‘வெள்ளம் இல்லை’ என்று வாசித்துவிடக் கூடாது. எந்தக் கருவியிலிருந்தாவது ஒரு மணி நேரத்துக்குப் பதிவு வராவிட்டால் அதையே ஒரு எச்சரிக்கையாக அனுப்ப வையுங்கள். அந்தச் சோதனைக்கு வந்து சேர்ந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள், கருவி சொல்லும் நேரத்தை அல்ல. மற்ற எல்லாத் திருத்தத்துக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள், இன்றைக்கே செய்யலாம்.

அதன் பிறகு வரிசை இதுதான்: கருவிகளின் புரோகிராமைச் செக்கனுக்கு மாற்றுவது, சேர்வரில் காவல் போடுவது, பழைய தரவைப் புதிய கொலத்துக்கு மாற்றுவது, தேடலைப் புதிய கொலத்துக்குத் திருப்புவது. காவலைப் போடுவதற்கு முன் கருவிகளை மாற்றாவிட்டால் மூன்று கருவிகளின் பதிவுகளும் திருப்பி அனுப்பப்படும், இடையில் உள்ள நாட்கள் தொலைந்துவிடும். தம்பலகாமம் போய் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தால், அதுவரை சேர்வரில் கருவி எண் பார்த்து மாற்றும் ஒரு தற்காலிகப் பகுதியை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பக்கத்தில் எடுத்துவிட வேண்டிய திகதியையும் எழுதி வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் 1732559400, 1732818600 என்று தேடிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 144, மூன்று நாளைக்கு ஒரு கருவியிலிருந்து 432 பதிவுகள், ஐந்துக்கும் 2160. சரியாக நள்ளிரவில் அளக்கும் கருவி 433 காட்டினால் முடிவு எல்லையையும் சேர்த்து எண்ணுகிறீர்கள் என்று அர்த்தம். 432க்குக் குறைவாக வந்தால், அந்த மழையில் மின்சாரமோ சிக்னலோ போன இடைவெளிகள் அவை. எந்தக் கருவி, எந்த மணிக்கு என்று எடுத்து எழுதுங்கள், பார்ப்போம்.